தாம்பரத்துக்கு முன்னால் வண்டி ஏன் நிற்கிறது?

26 ஏப்ரல் 2025, இரவு 8.50 | கேட்டவர்: மேற்குத் தாம்பரம் வாசகர்

பீச்சிலிருந்து வருகிற மின்சார ரயில் சானடோரியம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. கதவோரம் நின்று எட்டிப் பார்த்தால் ஸ்டேஷன் விளக்குகூடத் தெரிகிறது. உள்ளே போனால் பக்கத்து நடைமேடை காலியாகக் கிடக்கிறது. பிறகு எதற்கு வெளியே நிறுத்தினார்கள்? யாரோ பட்டனை அமுக்க மறந்துபோகிறார் என்பதுதான் என் கட்சி. வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

26 ஏப்ரல், இரவு 10.15 | கிழக்குத் தாம்பரம்

நடைமேடை காலி இல்லை, அதனால் நிற்கிறது. அவ்வளவுதான். 34 வருஷம் இதே வழியில் போய் வந்தவன் சொல்கிறேன்.

27 ஏப்ரல், காலை 6.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது கொஞ்சம் வெடுக்கென்று போய்விட்டது. தம்பி நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்.

எனக்கும் அந்த நிறுத்தத்துக்கும் பழக்கம் அதிகம். 1987 முதல் 2021 வரை பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் பீச்சில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பூங்கா வருவதற்குள் தூங்கிவிடுவேன். என்னை எழுப்புவது அலாரமும் இல்லை, பக்கத்து ஆளும் இல்லை. சானடோரியம் தாண்டி வண்டி நிற்குமே, அந்த அமைதிதான். மோட்டார் சத்தம் அடங்கும், ஜன்னல் காற்று நின்றுபோகும், பேசிக்கொண்டு வந்தவர்கள் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள். பட்டென்று கண் திறந்துவிடும். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சரியான அவகாசம். அதனாலேயே இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

ஸ்டேஷன் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். ஆகப் பதினேழு.

27 ஏப்ரல், காலை 9.05

பதினெட்டு. திரிசூலத்தை விட்டுவிட்டேன். விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிற ஸ்டேஷன். நாலு பேர் சுட்டிக்காட்டிவிட்டீர்கள், போதும். அந்த இடத்தில் நான் எப்போதும் தூக்கத்தில் இருந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

29 ஏப்ரல், மாலை 7.40

சரி, 26ஆம் தேதி நான் எழுதியது தப்பு. வாபஸ்.

ரிட்டையர் ஆன மனுஷனுக்கு நேரம் நிறைய. நேற்றும் இன்றும் மாலையில் நடைபாலத்தின் மேல் போய் நின்றேன். தாம்பரம்காரர்களுக்கு இந்தப் பாலம் தெரியும். ரயில் ஏறுகிறவர்களோடு கிழக்கிலிருந்து மேற்கே காய்கறி வாங்கப் போகிறவர்களும் அதன் மேல்தான் போவார்கள். ஓரமாக நிற்கிறவனை எல்லோரும் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டி, "யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கே?" என்று விசாரித்தார். "சிக்னலுக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பார்த்தது இதுதான். வடக்கே பீச் வண்டியின் முகவிளக்கு அசையாமல் நிற்கிறது. கீழே அது வந்து நிற்க வேண்டிய நடைமேடை சுத்தமாகக் காலி. தம்பி சொன்னது உண்மை. ஆனால் நடைமேடையின் தெற்கு முனையைத் தாண்டி, தண்டவாளங்கள் பின்னிக்கிடக்கிற இடத்தில், இன்னொரு காலி ரேக் (ஒன்றாக மாட்டிய பெட்டிகளின் தொடர்) குறுக்காக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பெட்டி விலகி முடிகிறது. கொஞ்ச நேரத்தில் வடக்கே நின்ற முகவிளக்கு அசைகிறது. இரண்டு நாளிலும் இதே கதையைப் பார்த்தேன்.

இடம் காலியாகத்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு அப்பால் இருப்பதுதான் காலியாக இல்லை.

30 ஏப்ரல், காலை 7.10

"அப்பால் என்ன இருந்தால் என்ன சார், வண்டி நடைமேடையில்தானே நிற்கப்போகிறது?" என்று தம்பி கேட்கிறார். ராத்திரி நானும் இதையேதான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நூத்தி இருபது மீட்டர்" என்றார்.

வண்டியை உள்ளே விடுகிற சிக்னலுக்கு ஹோம் சிக்னல் என்று பெயர். நடைமேடை முடிகிற இடத்தில், வண்டியை வெளியே அனுப்புவதற்கு இருப்பது ஸ்டார்ட்டர். ஹோம் சிக்னல் எடுக்க, அதாவது சிவப்பு மாறி வண்டிக்கு வழி விட, நடைமேடை காலியாக இருந்தால் போதாது. ஸ்டார்ட்டருக்கு அப்பாலும் 120 மீட்டர் பாதை காலியாக இருக்க வேண்டும். காரணம் எளிது. உள்ளே வருகிற வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்காமல் ஸ்டார்ட்டரைத் தாண்டி வழுக்கிவிட்டால், குறுக்கே போகிற இன்னொரு வண்டியில் மோதக் கூடாது. அந்த 120 மீட்டர் பிழைக்காக ஒதுக்கிவைத்த இடம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் அதில் ஒரு சக்கரமும் உருளாது. ஆனாலும் காலியாக இருந்தே ஆக வேண்டும்.

இதில் ஆள் மறக்கிற பேச்சுக்கு இடமில்லை. பாயிண்ட்டுகளும் (வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற தண்டவாள அமைப்பு) சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டிக்கிடக்கின்றன. அந்த 120 மீட்டரில் வேறு வண்டி இருக்கும்போது பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மஞ்சள் விளக்கு வராது.

30 ஏப்ரல், காலை 7.25

"உங்கள் கட்சி தோற்றது தம்பி" என்று எழுத நினைத்தேன். என் கட்சி முந்தின நாளே தோற்றுவிட்டதால் எழுதவில்லை.

3 மே, இரவு 9.00

வேறு ஒருவர் கேட்டது: "நடுவழியில் சிவப்பு சிக்னலில் நின்ற வண்டி, சிக்னல் மாறாமலே மெதுவாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். தாம்பரத்துக்கு முன்னால் மட்டும் ஏன் அப்படிச் செய்வதில்லை?"

நல்ல கண் உங்களுக்கு. அடுத்த தடவை சிக்னல் கம்பத்தைப் பாருங்கள். சிலவற்றில் வெள்ளை வட்டத்தில் கறுப்பாக 'ஏ' என்கிற ஆங்கில எழுத்து இருக்கும். அது தானியங்கி சிக்னல். அதை யாரும் இயக்குவதில்லை. முன்னால் போகிற வண்டியே தண்டவாளத்தின் மூலம் தனக்குப் பின்னால் சிவப்பு விழவைத்துக்கொண்டு போகிறது. நகர நகர அது மஞ்சளாகி, இரட்டை மஞ்சளாகி, பச்சையாகிறது. இந்த வகைச் சிவப்பில் மோட்டார்மேன் பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, மிக மெதுவாக, கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு போகலாம். விதியே அப்படி.

ஹோம் சிக்னல் அந்த ஜாதி இல்லை. அதற்கு அப்பால் பாயிண்ட்டுகள் இருக்கின்றன, வண்டிகள் குறுக்கே போகின்றன. சிவப்பு என்றால் சிவப்புதான்.

4 மே, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், நண்பரே அனுப்பியது. சில சிக்னல்களில் அந்த 'ஏ' எழுத்து விளக்காக இருக்கும். எரிந்தால் தானியங்கி, அணைந்திருந்தால் ஸ்டேஷனின் கையில். இரண்டு வேஷமும் கட்டுமாம். நம் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு என்று எழுதியிருந்தார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

6 மே, மாலை 6.20

கணக்கு எழுதிப் பழகின கை சும்மா இருக்காது. 12 பெட்டி ரேக். ஒரு பெட்டி 21 மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 255 மீட்டர். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றுகிற பாயிண்ட்டில் இந்த நீளம் முழுக்க ஊர்ந்து முடிய வேண்டும்.

பாயிண்ட்டில் வகை உண்டு. எட்டரையில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று பேசிக்கொள்வார்கள். எட்டரை அடி முன்னால் போனால் ஒரு அடி பக்கவாட்டில் விலகும், அல்லது பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி. எட்டரையில் வழக்கமாக மணிக்கு 15 கி.மீ., பன்னிரண்டில் 30 கி.மீ. 15 கி.மீ. வேகத்தில் 255 மீட்டர் கடக்க ஒரு நிமிஷத்துக்கு மேல். 30 கி.மீ. என்றால் அரை நிமிஷம். அதோடு பாதை விடுபட்டு, பாயிண்ட் திரும்பி, பூட்டி, சிக்னல் எடுக்கிற நேரத்தையும் சேருங்கள்.

அரை நிமிஷம்தானே என்று தோன்றும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வருகிற வேளையில் ஒவ்வொரு வண்டிக்கும் அரை நிமிஷம் மிச்சம் என்றால், பத்தில் ஒரு பங்கு கைக்கு வருகிறது. புது நடைமேடை கட்டுவதைவிட வாசலில் இருக்கிற பாயிண்ட்டை மாற்றுவது சில சமயம் பெரிய வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2024 ஜூலை, ஆகஸ்ட்டில் தாம்பரம் யார்டு மாற்றியமைக்கும் வேலைக்காக வாரக்கணக்கில் நிறைய மின்சார ரயில்களை ரத்து செய்தார்களே, அப்போது பல்லாவரத்தோடு இறங்கி பஸ்ஸுக்கு அலைந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. "ஒரு ஸ்டேஷனில் அப்படி என்னப்பா வேலை?" என்று கேட்டாள். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு இந்தக் கணக்கை அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

11 மே, காலை 8.00

இன்றைய தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 1931 மே 11. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் பயணிகளுக்காக ஓடத் தொடங்கிய நாள். ஏப்ரல் 2ஆம் தேதி அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். நடத்தியது சவுத் இந்தியன் ரயில்வே. நாட்டின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. ஆறு வருஷத்தில் சென்னை. மீட்டர் கேஜில் மின்சாரம் ஓட்டியது இந்தியாவிலேயே இங்கேதான் முதலில்.

தாம்பரம் அப்போது என்னவாக இருந்தது என்று யோசித்தால் வேடிக்கைதான். டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய்க்கு சானடோரியம் தொடங்க இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததே சுத்தமான காற்றும் ஆளரவம் இல்லாத இடமும் வேண்டும் என்பதால்தான். கிறித்துவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே வந்தது 1937இல். அந்தக் காட்டில் கொண்டுபோய் மின்சார ரயிலின் கடைசி ஸ்டேஷனையும், ரேக்குகளைப் பராமரிக்கும் கார் ஷெட்டையும் வைத்தார்கள். வண்டி வந்த பிறகு ஊர் வந்தது. சுத்தமான காற்றுக்காகக் கட்டிய சானடோரியத்துக்குப் பக்கத்தில்தான் இன்றைக்கு நாம் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்தபடி சிக்னலுக்கு நிற்கிறோம்.

11 மே, பகல் 12.30

விட்டுப்போனது. மின்சாரம் வந்ததில் பெரிய லாபம் புகை இல்லாதது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குத் தோன்றுவது வேறு இரண்டு.

ஒன்று, ஸ்டேஷன்கள் நெருக்கம். சுமார் 29 கி.மீ.யில் பதினெட்டு. (இந்தத் தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.) நடுவே ஒன்றேமுக்கால் கி.மீ.கூட வராது. நீராவி எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். மின்சார வண்டி கிளம்பியதும் இழுக்கும்.

இரண்டாவதுதான் தாம்பரத்துக்கு முக்கியம். நீராவி வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு வந்தால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்ட வேண்டும். அதுவரைக்கும் நடைமேடை அடைபட்டுக் கிடக்கும். மின்சார வண்டிக்கு இரண்டு பக்கமும் முகம். ஓட்டுகிறவர் இந்த முனையில் இறங்கி அந்த முனையில் ஏறினால் போதும், வண்டி திரும்பிவிட்டது.

13 மே, இரவு 8.15

"ஏறினால் போதும்" என்று லேசாக எழுதிவிட்டேன். இன்றைக்கு நடைமேடையில் நின்று அதையும் பார்த்தேன்.

வண்டி வந்து நிற்கிறது. முன்னால் மோட்டார்மேன், கடைசியில் கார்டு. (2022 முதல் அவர் பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர். வாயில் வர மாட்டேன் என்கிறது.) இரண்டு பேரும் தத்தம் அறையைப் பூட்டிக்கொண்டு பையோடு இறங்குகிறார்கள். எதிரெதிர் திசையில் 255 மீட்டர் நடை. இறங்குகிறவர்கள், ஏறப் பாய்கிறவர்கள், கூடைக்காரர்கள் எல்லோருக்கும் நடுவே. பாதி தூரத்தில், ஆறாவது ஏழாவது பெட்டிக்குப் பக்கத்தில், இருவரும் சந்திக்கிறார்கள். நிற்கவில்லை. ஒருவர் தலையை லேசாக அசைத்தார், மற்றவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஒவ்வொருவரும் மற்றவர் விட்ட முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிரேக் சரிபார்க்கிற காற்றுச் சத்தம் கேட்டது. சிக்னல் விழுந்தது. கார்டு இரண்டு மணி அடித்தார். இரண்டு என்றால் கிளம்பு, ஒன்று என்றால் நில்.

நடக்க மட்டும் நாலு நிமிஷம் பிடித்தது. வேறு ஒரு மோட்டார்மேன் முன்கூட்டியே மறுமுனையில் காத்திருந்தால் இந்த நாலு நிமிஷம் மிச்சம். அவசரமான முனையங்களில் அப்படிச் செய்வதும் உண்டு. வந்தவர் இறங்கி அடுத்த வண்டிக்குத் தயாராவார்.

14 மே, காலை 7.00

சரி, திரும்புகிற வண்டியின் கதைக்கு வருகிறேன். முடிச்சு அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் வண்டி இடது பக்கத் தடத்தில் ஓடும். பீச்சிலிருந்து வருகிற தடம், பீச்சுக்குப் போகிற தடம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். தாம்பரத்தோடு முடிகிற வண்டி வருகிற தடத்தில் வந்து போகிற தடத்தில் கிளம்ப வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் தடம் மாறியே ஆக வேண்டும். நடைமேடைத் தடம் இரண்டுக்கும் நடுவே இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வெளிப்பக்கம் இருந்தால் வரும்போதோ போகும்போதோ எதிர்த் தடத்தை வெட்டிக்கொண்டுதான் போகும். அந்த நேரம் அந்தத் தடத்தில் வருகிறவன் நிற்க வேண்டியதுதான்.

இதோடு செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள், ஷெட்டுக்குப் போகிற காலி ரேக்குகள். எல்லாவற்றுக்கும் தடங்கள் பின்னிக்கிடக்கிற அதே கழுத்துதான் வழி.

இன்னொன்று. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நாலு தடம்: இரண்டில் மின்சார ரயில், இரண்டில் விரைவு வண்டிகள். தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை மூன்றுதான். அந்த மூன்றாவதும் முழுதாக வந்து சேர்ந்தது 2022இல். புனலின் குறுகின வாயில் உட்கார்ந்திருக்கிறது நம் ஸ்டேஷன்.

14 மே, காலை 7.20

போதாததற்குத் தாம்பரம் இப்போது வெளியூர் வண்டிகளுக்கும் முனையம். 2018 ஜூனில் முழுக்க முன்பதிவில்லாத அந்த்யோதயா இங்கிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பியது, பிறகு நாகர்கோவிலுக்கு நீண்டது. போன மாதம் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டி தொடங்கினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் அந்த்யோதயா வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ரயிலுக்கு நிற்கிற வரிசை மாதிரியே இருக்காது.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. திருநெல்வேலிக்காரன் தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு எழும்பூர் வரை போய் ரயில் ஏறி, அதே ரயிலில் தாம்பரம் வழியாகவே ஊருக்குப் போன காலம் உண்டு. மூட்டை முடிச்சோடு.

16 மே, இரவு 9.30

இழை எங்கேயோ போகிறது. டிக்கெட்டைப் பற்றி யாரோ கேட்டீர்கள்.

அட்டை டிக்கெட். கட்டைவிரல் அகலம், இரண்டே கால் அங்குல நீளம். கவுன்டர் ஓட்டைக்குள் பார்த்தால் மரச் சட்டத்தில் ஊர் ஊராக அடுக்கியிருக்கும். கீழேயிருந்து ஒன்றை உருவி, தேதி குத்துகிற இரும்பு மெஷினில் செருகுவார், 'டக்' என்று ஒரு சத்தம். தேதி பெரும்பாலும் படிக்க முடியாது, தடவிப் பார்த்தால் தெரியும். எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை அது. நான் தாம்பரத்தில் கடைசியாக அட்டை டிக்கெட் வாங்கியது எப்போது என்று யோசித்தால் தெரியவில்லை, ஏனென்றால் நான் எப்போதும் சீசன்.

சீசனைத் தொலைத்த கதை ஒன்று உண்டு. மழைக்காலம், சட்டைப்பை நனைந்து அட்டை கூழாகிவிட்டது. டி.டி.யிடம் அந்தக் கூழை நீட்டினேன். மடிப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முகம் ஞாபகம் இருக்கு, போங்க" என்றார். எத்தனை மெஷின் வந்தாலும் அந்த வசதி இல்லை.

18 மே, காலை 8.40

மீட்டர் கேஜ் எப்போது நின்றது என்று கேட்டவருக்கு: 2003.

18 மே, காலை 9.15

2004. மகள் பத்தாவது எழுதின வருஷத்தை வைத்து எண்ணினேன், அவளுக்கே போன் செய்து சரிபார்த்தேன். 1931இல் 1,500 வோல்ட் டி.சி.யில் தொடங்கியது, அறுபதுகளின் கடைசியில் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறியது, 2004இல் மீட்டர் கேஜ் புறநகர் வண்டியே முடிந்தது. 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டருக்கு வந்தோம். மீட்டர் கேஜ் பெட்டியில் எதிர் இருக்கைக்காரரின் முழங்காலும் நம் முழங்காலும் தினமும் பேசிக்கொள்ளும். அகல வண்டி வந்தால் கூட்டம் குறையும் என்று நம்பினோம். அகல வண்டிக்கு அகலமான கூட்டம் வந்து சேர்ந்தது.

22 மே, மாலை 5.50

குளிர்சாதன மின்சார ரயிலைப் பற்றிக் கருத்து கேட்டவர்களுக்கு. ஏப்ரல் 19ஆம் தேதி கடற்கரை–செங்கல்பட்டு ஓட ஆரம்பித்தது, பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரிப்பு, 12 பெட்டி. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடைசி வரை 105. சாதாரண வண்டியில் 5 ரூபாயில் ஆரம்பம் என்பதால் என் மாதிரி ஆட்கள் ஒரு தடவை ஏறிப் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

நான் கவனித்தது கதவை. தானாக மூடும் கதவு. கதவு மூடாமல் வண்டி நகராது. சாதாரண வண்டியில் சக்கரம் உருள ஆரம்பித்த பிறகும் நாலு பேர் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். ஆபத்துதான், சந்தேகமில்லை. ஆனால் அதனாலேயே வண்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மாம்பலத்தில் மாலை ஏழு மணிக்கு எல்லா வண்டிக்கும் மூடும் கதவு வைத்தால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை விநாடி கூடும்? பதினேழு ஸ்டேஷனில் பதினைந்து விநாடி கூடினாலே நாலு நிமிஷத்துக்கு மேல். அந்த நாலு நிமிஷம் தாம்பரத்துக் கழுத்தில் வந்து விழும்.

இதை எழுதும்போதே எதிர்த்தரப்பும் நான்தான். அடுத்த குறிப்பு.

22 மே, இரவு 10.40

2018 ஜூலை 24. மின்கம்பி அறுந்ததால் மின்சார ரயில்களை விரைவுத் தடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நிறுத்தங்கள் தாண்டி, கூட்டம் சேர்ந்து, படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். பரங்கிமலையில் அந்தத் தடத்தின் ஓரம் சுவர். உயிர்கள் போயின. தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போனவன் நான், அது அவ்வளவு பக்கம் என்று அதுவரை கண்ணில் பட்டதே இல்லை. மெதுத் தடத்தில் வந்தவனுக்கு எப்படிப் படும்?

மாலையில் விநாடிக் கணக்கு போட்டதை அழிக்கவில்லை, கணக்கு சரிதான். ஆனால் கதவு மூடட்டும். தாம்பரத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.

25 மே, காலை 7.30

தம்பி எழுதியிருக்கிறார்: "சார், நேற்று வண்டி நின்றதும் பக்கத்தில் இருந்தவரிடம் 120 மீட்டர் கதையைச் சொன்னேன். 'யாரோ மறந்துட்டான்' என்றுதான் அவர் ஆரம்பித்தார். விளக்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பாதிதான் புரிந்திருக்கும்."

பாதி போதும். மீதியை நாளைக்குச் சொல்லுங்கள், நிற்கத்தானே போகிறது.

2 ஜூன், இரவு 8.05

பாரிமுனையில் பழைய நண்பர் வீட்டு விசேஷம். திரும்பும்போது பீச்சில் ஜன்னலோரம் கிடைத்தது. செங்கல்பட்டு வண்டி. பூங்கா வருவதற்குள் பழைய பழக்கப்படி தூங்கிவிட்டேன்.

கண் திறந்தபோது பெருங்களத்தூர்.

நிற்கவில்லை. இன்றைக்கு ஹோம் சிக்னல் எடுத்திருக்கிறது, கழுத்தும் காலி, 120 மீட்டரும் காலி. நேராக உள்ளே போய், தாம்பரத்தில் நின்று, கிளம்பியும் வந்திருக்கிறது. நடைமேடை இரைச்சல் என்னை எழுப்பவில்லை. முப்பத்துநாலு வருஷமாக எழுப்பியது அந்த அமைதிதான், அது இன்றைக்கு இல்லை.

பெருங்களத்தூரில் இறங்கி ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பீச் வண்டி வருகிறது. ஏறிவிட்டு மீதி.

2 ஜூன், இரவு 8.21

ஏறியாகிவிட்டது. உட்கார இடமில்லை, கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன். தாம்பரம் விளக்கு தெரிகிறது.

நின்றுவிட்டது.